அழுத்தித் திருகவும்

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி, கம்பெனிக்குப் பிளாஸ்டிக் குருணை சப்ளை செய்கிறவர்கள் புதுவருஷத்துக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. இன்று சாயங்காலம் கிளாரா அதைத் தூசி தட்டி என் முன்னால் வைத்து, "கத்தணும்னா இனிமே இதுல கத்துங்க. என் காதுலயும் மாமா காதுலயும் வேணாம்" என்றாள். நான் கத்தவே இல்லை. சத்தமாகப் பேசினேன். பாதி ஆயுசை மோல்டிங் மெஷின்களுக்கு நடுவில் கழித்தவன் கிசுகிசுப்பாகவா பேசுவான்?

சரி, எழுதுகிறேன். பெயர் ஜெரால்டு. புதுச்சேரித் தொழிற்பேட்டை ஒன்றில் மருந்து பாட்டிலும் மூடியும் செய்யும் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். வீட்டில் நான், அங்கன்வாடி டீச்சரான மனைவி, ரிட்டயர்டு பஸ் டிரைவரான அப்பா. கீழ் வீட்டில் ஷர்மிளா பானுவும் அவள் மகள் அஃப்ராவும். ஷர்மிளாவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். அஃப்ராவுக்கு நாலு வயசு. காலை ஆறு மணிக்கு மூன்று சக்கர சைக்கிளை வராந்தாவில் ஓட்டுவாள். அதற்கு எண்ணெய் விடும்படி மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.

இன்று கோபத்துக்குக் காரணம் எம்.டி. கஜபதி சார். மும்பையில் பிளாஸ்டிக் கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். ஒரு பை நிறைய கலர் புத்தகம். வாயைத் திறந்தால் 'அட்வான்ஸ்டு'.

ஜூன் 5, வியாழன்

மீட்டிங். எம்.டி. டீயைக்கூடத் தொடாமல் ஆரம்பித்தார்.

"கண்காட்சியில ஒருத்தன் இதே மூடியை நம்ம நேரத்துல பாதியில எடுக்குறான் ஜெரால்டு."

"அவன் அச்சே வேற சார். தண்ணி போற வழி மூடியோட வளைவோட சேர்ந்து சுத்திப் போகுது. எல்லா இடமும் ஒரே மாதிரி ஆறும். நம்ம அச்சுல நேரா துளைச்ச ஓட்டைங்கதான்."

"அந்த மாதிரி அச்சு வாங்க இப்ப முடியாது. வேற சொல்லு."

"அச்சை இறக்கி, ஓட்டைக்குள்ள படிஞ்சிருக்கிற உப்பை எடுக்கலாம். நம்ம போர் தண்ணி லட்சணம்தான் தெரியுமே. ரெண்டு நாள் மெஷின் நிக்கும்."

"நிக்கக் கூடாது."

அதாவது எதையும் மாற்றக் கூடாது, ஆனால் எல்லாம் மாறிவிட வேண்டும்.

எங்கள் தொழிலைப் பற்றி அப்பாவுக்கு விளக்கும்போது இட்லி என்றுதான் சொல்வேன். உருக்கின பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அச்சுக்குள் அடிக்கிறோம், அச்சைச் சுற்றித் தண்ணீர் ஓடி ஆற வைக்கிறது, ஆறியதும் வெளியே தள்ளுகிறோம். அடிப்பது கண் இமைக்கும் நேரம். ஆறுவதற்குத்தான் நேரம். ஆகவே நேரத்தைத் திருடுகிறவன் எவனும் ஆறுகிற நேரத்தில்தான் கை வைப்பான். ஆறாமல் வெளியே விழுந்த மூடி, விழுந்த பிறகு தன் இஷ்டத்துக்குச் சுருங்கும், கோணும்.

இப்போது வந்திருக்கும் ஆர்டரில் கோணக் கூடாது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி. இரும்புச்சத்து மாத்திரை பாட்டிலுக்கு. சிவப்பாக, பளபளவென்று, பார்த்தால் மிட்டாய் என்றே தோன்றும் மாத்திரை. குழந்தை நாலைந்தை விழுங்கினால் பெரிய விபரீதம். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூடி. வெளி மூடியைச் சும்மா திருகினால் கடகடவென்று சுற்றும், அவ்வளவுதான். கீழே அழுத்திக்கொண்டே திருகினால் வெளி மூடியின் பற்கள் உள் மூடியைப் பிடித்துக்கொள்ளும், திறக்கும். அழுத்துவது, திருகுவது இரண்டையும் ஒன்றாகச் செய்ய சின்னப் பிள்ளைகளுக்கு வராது என்பது கணக்கு.

ஜூன் 9, திங்கள்

ஆறும் நேரத்தைக் குறைத்தாகிவிட்டது. நானே குறைத்தேன். வேறு யாரையும் பட்டனைத் தொட விடவில்லை. கோதண்டம் தொட்டால் இன்னும் மோசமாகும். கோதண்டம் என் ஷிஃப்ட் சூப்பர்வைசர். மெஷின் தீப்பிடித்தாலும் "பாத்துக்கலாம் சார்" என்பார்.

ஒரு கை மூடிகளை அள்ளித் திருகிப் பார்த்தேன். எல்லாம் கடகடவென்று சுற்றின. அழுத்தினால் திறந்தன. எம்.டி. என் முதுகில் தட்டினார். எனக்கு முதுகில் தட்டினால் பிடிக்காது.

இரண்டு பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒன்றில் அப்பாவின் பிரஷர் மாத்திரைகளைக் கொட்டி வைத்தேன். அஃப்ரா பொழுது விடிந்தால் மாடிக்கு வந்து எதையாவது நோண்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான். பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி என்று ஷர்மிளாவிடமும் சொல்லிவைத்தேன்.

"உள்ளங்கையை வச்சு நல்லா அழுத்தணும்பா. அழுத்திக்கிட்டே திருகணும்" என்று செய்து காட்டினேன்.

"ஏன்டா, முப்பது வருஷம் கடலூர் ரூட்டுல ஸ்டீயரிங் திருப்பினவனுக்கு மூடி திருக கிளாஸ் எடுக்கிறியா?" என்றார். ஒரு தடவை திறந்து காட்டச் சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்று பேப்பரை விரித்துக்கொண்டார். எதைச் சொன்னாலும் பேப்பர்.

ஜூன் 12, வியாழன்

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மறுபடி நின்றது. கோதண்டம்: "பாத்துக்கலாம் சார்."

ஜூன் 14, சனி

அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தேன். மேலே போயிருக்கிறது. மாத்திரை போட்டீர்களா என்றால் போட்டாச்சு போட்டாச்சு என்கிறார். அப்புறம் ஏன் ஏறுகிறது? கருவாடு. நேற்று ராத்திரி அடுப்படியில் வாசனை வந்தது. கிளாராவைக் கேட்டால், "ஒரு துண்டுதான் கேட்டாரு" என்கிறாள். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் விவரம் தெரிந்தவன், என் பேச்சைத்தான் யாரும் கேட்பதில்லை.

பிஸ்கட் பாக்கெட்டும் இரண்டு நாளில் காலியாகிறது. அப்பாவும் அஃப்ராவும் தினம் காலையில் என்னவோ வியாபாரம் நடத்துகிறார்கள். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரையையும் வரவழைத்துக்கொள்ளட்டும், அது ஒன்றுதான் பாக்கி.

ஜூன் 17, செவ்வாய்

மருந்துக் கம்பெனி சாம்பிளுக்குச் சரி சொல்லிவிட்டது. எம்.டி. அல்வா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். "இதான் அட்வான்ஸ்டு" என்றார். சில்லர் இன்று இரண்டு தடவை நின்றதைப் பற்றி நான் பேச வாய் எடுத்தபோது என் வாயில் அல்வாவை வைத்தார்.

ஜூன் 19, வியாழன்

ஷர்மிளா அஃப்ராவைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு விழுப்புரம் போயிருக்கிறாள். வராந்தாவில் சைக்கிள் சத்தம் இல்லை. ஆறரை வரை தூங்கினேன்.

ஜூன் 23, திங்கள்

அப்பா காலையில் எழுந்து நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். தலை சுற்றுகிறதாம். லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிரஷர் ரொம்ப அதிகம்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா ஐயா?"

"ஒரு நாள் விடறதில்ல" என்றார் அப்பா.

டாக்டர் மாத்திரையின் சக்தியை இரண்டு மடங்காக்கி எழுதிக் கொடுத்தார். பழையதை எடுத்துப் போட்டுவிட்டு, கிளாரா புதிய மாத்திரை முப்பதை அந்த பாட்டிலில் எண்ணி வைத்தாள். நான் ஆட்டோவில் வரும்போது கருவாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அவர் கை மடியில் இருந்தது, விரல்கள் மடங்கினபடி. குளிர்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

ஜூன் 25, புதன்

முதல் லோடு மருந்துக் கம்பெனிக்குப் போனது. இரண்டாவது லோடு ஸ்டோரில் தயார்.

ஜூன் 27, வெள்ளி

சைக்கிள் சத்தம். வந்துவிட்டாள். அப்பா படுக்கையிலிருந்து எழுந்து வராந்தாவுக்கே போய்விட்டார். நான் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நான் கம்பெனியில் இருந்தேன். கிளாரா அங்கன்வாடியில். அப்பா நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். ஷர்மிளா மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வரும்போது எங்கள் கூடத்தில் அஃப்ரா உட்கார்ந்து சொப்புச் சாமான் வைத்து சமையல் செய்துகொண்டிருந்தாள். சின்னச் சட்டியில் அப்பாவின் மாத்திரைகள். தரையிலும் மாத்திரைகள். பாட்டிலும் மூடியும் தனித்தனியாகக் கிடந்தன.

எனக்கு போன் வந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஷர்மிளா, மடியில் அஃப்ரா, பக்கத்தில் கிளாரா, சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு அப்பா. ஷர்மிளா கிடைத்த மாத்திரை எல்லாவற்றையும் பொறுக்கி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். நர்ஸ் எண்ணினார். இருபத்தேழு.

"எவ்வளவு இருந்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எனக்கு இந்த மாதிரி நேரத்தில் மண்டை நன்றாக வேலை செய்யும். போன திங்கட்கிழமை முப்பது வைத்தோம், செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை ஆறு நாள், ஆறு போக இருபத்துநாலு இருக்க வேண்டும் என்றேன். இருப்பது அதைவிட அதிகம்.

"அப்ப நீங்க வைக்கும்போது எண்ணினதுல ஏதோ தப்பு. குறையல, கூடத்தான் இருக்கு. குழந்தை எதையும் முழுங்கின மாதிரி தெரியல. கொஞ்ச நேரம் உக்காந்திருங்க, நல்லா இருந்தா கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் டாக்டரம்மா. ஷர்மிளா அல்லாவைக் கூப்பிட்டுக் கண்ணை மூடினாள். எனக்கும் மூச்சு வந்தது. என் கணக்கு சரி என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா எழுந்து நின்றார்.

"அம்மா, கணக்கு தப்பு. நான் மாத்திரை போடல."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"எனக்கு அந்த மூடி திறக்க வரல. அழுத்தினா திருக முடியல, திருகினா அழுத்த முடியல. கை புடிக்க மாட்டேங்குது. இந்தப் புள்ளதான் திறந்து குடுக்கும். இது ஊருக்குப் போயிருந்தப்ப நான் ஒண்ணுகூடப் போடல. வெள்ளிக்கிழமை வந்துச்சு. வெள்ளி ஒண்ணு, சனி ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மேல வரல. இன்னைக்கு நான் இன்னும் போடல." விரல் விட்டுச் சொன்னார். விரல்கள் முழுசாக நீளவில்லை. "ரெண்டுதான் போட்டேன். இருபத்தெட்டு இருக்கணும்."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒன்று குழந்தையின் வயிற்றில். அதுவும் இரட்டிப்புச் சக்தி மாத்திரை.

உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் அஃப்ராவின் பிரஷர் இறங்கிவிட்டது. துவண்டு படுத்திருந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டாள். கையில் ஊசி ஏற்றி, மெஷினை மாட்டி, ஒரு நர்ஸ் நகராமல் பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருப்போம் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார்.

சாயங்காலம் பிரஷர் ஏற ஆரம்பித்தது. இன்று காலை எழுந்து உட்கார்ந்து தோசை கேட்டாள்.

ஷர்மிளா என்னை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"அந்த மூடி உங்க கம்பெனிதுதானே அண்ணே?"

"ஆமாம்மா."

"புள்ளைங்க திறக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதனாலதானே நான் மேல விட்டுட்டு துணி காயப் போடப் போனேன்."

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

டாக்டரம்மாவுக்குக் காட்ட ஷர்மிளா கொண்டுவந்திருந்த பையில் அந்த பாட்டில் இருந்தது. காலி. உள்ளே போய் அஃப்ராவிடம் நீட்டினேன். "எப்படிடா கண்ணு திறந்த? மாமாவுக்குக் காட்டு."

வாங்கினாள். அழுத்தவில்லை. அழுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சும்மா திருகினாள். திறந்துகொண்டது.

"தாத்தாவுக்கு நான்தான் குடுப்பேன். எனக்கு பிஸ்கட்" என்றாள்.

ஜூலை 2, புதன்

மூடியைப் பிரித்துப் பார்த்தேன். வெளி மூடியின் மேற்கூரை உள்பக்கமாகத் தொய்ந்திருக்கிறது. மயிரிழை அளவுதான். ஆனால் பற்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி போயிற்று. அழுத்தாமலேயே ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. நான் அப்பாவுக்கு அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன், அவர் அழுத்தினார், அந்தக் கை அதற்கே ஓய்ந்துபோயிற்று. சும்மா திருகியிருந்தால் அவருக்கும் வந்திருக்குமோ என்னமோ.

எங்கள் அச்சில் பதினாறு குழி. எந்தக் குழியில் வார்த்தது என்று மூடியின் உள்ளே சின்ன எண் விழும். இது பதினாறாவது. ஓரத்துக் குழி, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம். ஸ்டோரில் தயாராக இருந்த லோடிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் அழுத்தாமல் திருகினேன். பெரும்பாலானவை சுற்றின. நடுநடுவே ஒன்று திறந்தது. திறந்ததெல்லாம் ஓரத்து இரண்டு குழிகள். அன்றைக்கு என் கையில் அள்ளியதில் அவை வரவில்லை.

இரண்டு மூடியையும் சேர்த்த பிறகு அந்த எண் வெளியே தெரியாது. பொறுக்கி எடுக்கவும் வழியில்லை.

எம்.டி. அறைக்குப் போய் பாட்டிலை மேஜையில் வைத்தேன். "அழுத்தாம திறங்க சார்."

திறந்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார், அதையும் எழுத வேண்டும். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"எல்லாத்துலயும் இப்படி இல்லையே ஜெரால்டு."

"எட்டுல ஒண்ணு சார்."

"இனிமே போற லோடுல சரி பண்ணிடலாம். போனது போகட்டும். நாம போய் நம்ம தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? இந்த ஆர்டர் போனா அடுத்த ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். அங்க இருக்கிற பொண்ணுங்களுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"அந்த லோடை நிறுத்தணும் சார்."

"யோசிப்போம். நாளைக்குப் பேசலாம்."

யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? வெளியே வந்தால் கோதண்டம். என்ன சார் என்றார். சொன்னேன். இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அவர் 'பாத்துக்கலாம்' சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜூலை 3, வியாழன்

எம்.டி. காலையில் சென்னைக்குக் கிளம்பிப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. நான் மருந்துக் கம்பெனியின் தரப் பிரிவு அதிகாரிக்கு போன் செய்தேன். மெஹர் என்று ஒரு அம்மா. சாம்பிளைக் குடைந்து குடைந்து கேள்வி கேட்டவர், ஒரு மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்தவர்.

"மேடம், போன லோடை பேக்கிங்குக்கு எடுக்காதீங்க. எங்க மூடியில கோளாறு."

"பாதி லோடு பேக்கிங்குக்குப் போயிடுச்சே."

"வெளிய போயிடுச்சா?"

"இல்ல. திங்கட்கிழமைதான் போகுது. என்ன கோளாறு?"

சொன்னேன். நேரத்தைக் குறைத்தது, யார் குறைத்தது, ஓரத்துக் குழி, அஃப்ரா, எல்லாம். "உங்க எம்.டி.க்கு நீங்க பேசுறது தெரியுமா?" என்று கடைசியில் கேட்டார். தெரியும்போது தெரியட்டும் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

தெரிந்துவிட்டது.

ஜூலை 5, சனி

எம்.டி. நேற்று கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "என்கிட்ட ஒரு நாள் பொறுத்திருக்கலாமே ஜெரால்டு" என்றார். திங்கட்கிழமை மாத்திரை கடைக்குப் போகும் சார் என்றேன். அவர் ஃபைலை விரித்துக்கொண்டார். அப்பாவுக்குப் பேப்பர், இவருக்கு ஃபைல்.

மருந்துக் கம்பெனி லோடைத் திருப்பி அனுப்புகிறது. அச்சைச் சரி செய்து, குழந்தைகளையும் வயசானவர்களையும் வைத்துப் புதிதாகச் சோதனை செய்து காட்டினால் ஆர்டர் தொடரும், இல்லாவிட்டால் கிடையாது.

ஜூலை 8, செவ்வாய்

அச்சை இறக்கினோம். நிற்கக் கூடாத மெஷின் நிற்கிறது. ஓரத்துக் குழிகளின் தண்ணீர் வழிக்குள் கம்பியை விட்டால் பாதிக்கு மேல் போகவில்லை. உப்பு கல்லாக இறுகியிருக்கிறது. ஆசிட் விட்டுக் கரைக்க ஒரு பகல் முழுக்க ஆனது. கோதண்டம் ஒரு துண்டைப் பெயர்த்து எம்.டி. கையில் கொடுத்தார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எதற்கு என்று தெரியவில்லை.

வெளி மூடிக்கு மட்டும் பழைய ஆறும் நேரம். இனி ஷிஃப்டுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு மூடி எடுத்து அழுத்தாமல் திருகிப் பார்க்க வேண்டும். இதை ஜூன் மாதமே செய்திருக்கலாம். எழுதும்போதே கை வலிக்கிறது, போதும்.

ஜூலை 10, வியாழன்

ஷர்மிளா இன்னும் எங்களோடு பேசவில்லை. அஃப்ராவை மேலே அனுப்புவதில்லை. வராந்தாவில் சைக்கிள் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்பா அந்தச் சத்தம் வரும் நேரத்துக்கு ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார். கேட்டால் காற்றுக்காம்.

மாத்திரையை இப்போது கிளாரா கொடுக்கிறாள். என் கையால் வாங்க மாட்டேன் என்கிறார். பிரஷர் இறங்கிவிட்டது. கருவாட்டைப் பற்றி நான் இனிப் பேசுவதாக இல்லை.

ஜூலை 12, சனி

எனக்கு இடமாற்றம். எம்.டி. கூப்பிட்டு, "நீ கொஞ்ச நாள் வாளி செக்‌ஷனைப் பாரு" என்றார். பெயின்ட் வாளி. மூடி சோதனை முடியும்வரை இங்கே, அப்புறம் அங்கே. சம்பளம் அப்படியே இருக்கும். மூடி செக்‌ஷனுக்கு அவருடைய மச்சான் வருகிறார். அவருக்கு மோல்டிங் தெரியாது, ஆனால் போன் பண்ண மாட்டார்.

கிளாராவிடம் சொன்னேன். "வாளியை யாரு வேணா திறக்கலாம், பிரச்சினை இல்ல" என்றாள். சிரிக்க வைக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. பிறகு குளிக்கும்போது கொஞ்சம் சிரித்தேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்று சோதனை. கிளாராவின் அங்கன்வாடியில். பெற்றோரிடம் சம்மதம் வாங்கி, காலி பாட்டில்களைக் குழந்தைகள் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும். மெஹர் மேடம் நேரில் வந்து கடிகாரத்தோடு உட்கார்ந்தார். எம்.டி. வாசலுக்கு வெளியே காரிலேயே இருந்தார்.

ஆரம்பிக்கும்போது ஷர்மிளா அஃப்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட எங்களுக்கு எந்த முகம்?

"இவளும் உக்காரட்டும் அக்கா" என்று கிளாராவிடம் சொன்னாள். என்னைப் பார்க்காமல், "இவளால திறக்க முடியலன்னா எனக்குத் தெரியணும்" என்றாள்.

குழந்தைகள் பாட்டிலை உருட்டின. தரையில் தட்டின. ஒரு பையன் கடித்தான். ஒருத்தி மூடியைப் பிடித்துக் கொஞ்சினாள். கடகடகட என்று கூடம் முழுக்கச் சத்தம். எனக்கு மெஷின் ஹால் மாதிரி இருந்தது. அஃப்ரா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தெரிந்த வேலை என்கிற முகத்தோடு திருகினாள். சுற்றியது. மறுபடி திருகினாள். சுற்றியது. அந்தப் பக்கமாகத் திருகினாள். முட்டிக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் திருகினாள். மூஞ்சி சிவந்துவிட்டது. மெஹர் மேடம் ஒரு தடவை செய்து காட்டினார். எல்லோரும் மறுபடி முயற்சி செய்தார்கள். அஃப்ரா அழுத்தினாள், அப்புறம் திருகினாள். திருகும்போது அழுத்தம் விட்டுப்போனது. பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. ஷர்மிளா அவளை வாரி எடுத்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். போகும்போது என் பக்கத்தில் நின்று, "எண்ணெய் விட்டாச்சு அண்ணே, சைக்கிளுக்கு" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அந்தக் கூடத்தில் யாரும் திறக்கவில்லை. எம்.டி.யிடம் போய்ச் சொன்னேன். கார் கண்ணாடியை இறக்கி, "சரி" என்றார். பிறகு, "நல்லது" என்றார். வாளி பற்றி எதுவும் மாறவில்லை.

ஜூலை 19, சனி

வயசானவர்கள் சோதனை. பக்கத்துத் தெருச் சமூகக் கூடத்தில். நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. அவரே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்தார்.

ஏறக்குறைய எல்லோரும் திறந்துவிட்டார்கள். ஒரு பாட்டியம்மா திறந்து மூடி மறுபடி திறந்து, இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். சோதனையில் மூடி தேறிவிட்டது, ஒருத்தர் இரண்டு பேருக்கு முடியாமல் போவதற்கு விதிமுறையில் இடம் உண்டு.

அந்த ஒருத்தர் அப்பா. அழுத்தினார். திருகினார். உள்ளங்கை நழுவியது. மெஹர் மேடம் நேரம் முடிந்தது ஐயா என்றபோது, "இன்னும் ஒரு தடவை" என்றார். மேடம் சரி என்றார். முடியவில்லை. பாட்டிலை மேஜையில் நேராக நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதி வழியில், "ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷத்துலயே ஆரம்பிச்சிடுச்சு. சட்டை பொத்தான் போட முடியல. உங்கம்மா இருந்தப்ப அவ போட்டுவிடுவா" என்றார்.

"சொல்லியிருக்கலாமேப்பா."

"உன்கிட்டயா? நீ கத்துவ."

நான் கத்தவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

வாளி செக்‌ஷனில் இரண்டாவது நாள். மெஷின் பழசு, கைப்பிடி ஒரு பக்கம் மெலிந்து விழுகிறது, இங்கேயும் தண்ணீர் வழியில் உப்புதான் இருக்கும். அச்சை இறக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எம்.டி. உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சண்டை போடத் தயாராகப் போனவனுக்கு இது ஒரு மாதிரி ஏமாற்றம்.

ஜூலை 24, வியாழன்

கிளாராவுக்குக் காலையில் டிரெயினிங். ஏழு மணிக்கே போய்விட்டாள். மாத்திரை அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, அஃப்ராவுக்கு எட்டாத உயரத்தில். நான் பாட்டிலை எடுத்து, அழுத்தித் திருகி, ஒன்றை உள்ளங்கையில் போட்டுக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் பேப்பரை விலக்கவில்லை.

நின்றேன். தண்ணீர் டம்ளர் இன்னொரு கையில். எனக்கு பஸ் எட்டு மணிக்கு. இந்த மனுஷன் வேண்டுமென்றே விளையாட்டுச் செய்திகளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளையாட்டில் அக்கறையே கிடையாது. என்னென்னவோ வாய் வரைக்கும் வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, அவர் சட்டையில் தப்பாகப் போட்டிருந்த பொத்தான்களை அவிழ்த்து மேலிருந்து சரியாகப் போட்டுவிட்டேன். அவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்து இடம் கொடுத்தார். கடைசிப் பொத்தான் முடிந்ததும் பேப்பரை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"கொண்டா. உனக்கு பஸ் போயிடப் போவுது."